லோகன் நடக்கப் போன இடம்

மலேசியாவின் கிள்ளானில் லோரி ஓட்டும் லோகனுக்கு மூட்டு வாதம். காலையில் விரல் மடங்காது. முட்டி வீங்கிக் கிடக்கும்.

"மருந்தை விடாதீங்க. கூடவே சீனியும் பொரிச்சதும் குறையணும். மீன், கீரை, பருப்பு சேத்துக்கங்க, தினமும் நடங்க. வீக்கம் அடங்க உதவும்," என்றார் டாக்டர்.

அன்றைக்கே அவன் மனைவி உஷாராணி சமையலை மாற்றினாள். டீக்கு ஊற்றும் இனிப்பு டின் பால் போனது. பொரித்த கோழிக்குப் பதில் மீன் குழம்பும் கீரையும் வந்தன. இருட்டோடு எழுந்து ஆக்கி, பாத்திரத்தில் கட்டிக் கொடுத்தாள். அவளும் அதையே சாப்பிட்டாள்.

மாதங்கள் போயும் லோகனுக்கு வலி குறையவில்லை. "ஆட்டுக்குப் போடுற தழைய எனக்குப் போடுறா. என்ன பிரயோசனம்?" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். தன் சமையலில்தான் ஏதோ குறை என்று அவள் மருகினாள்.

ஒரு சாயங்காலம் அவன் நடக்கப் போயிருந்தான். கீரை வாங்கக் கிளம்பிய உஷாராணி மாமாக் சாப்பாட்டுக் கடை வாசலில் அப்படியே நின்றாள். உள்ளே லோகன், கூட்டாளி நாகையாவோடு. முன்னால் எண்ணெய் மினுங்கும் ரொட்டி சானாய், பொரித்த கோழி, டின் பால் ஊற்றி நுரை ததும்ப ஆற்றிய தே தாரிக்.

"டயட் என்னாச்சு லா?" என்றான் நாகையா.

"அது வீட்டுல மட்டும் லா. அவ மனசு ஆறட்டும்னு ரெண்டு வாய் மெல்லுவேன். கட்டிக் கொடுக்கிறது குப்பைக்குப் போயிடும்."

உஷாராணிக்கு உச்சி எரிந்தது. கல்யாணமான நாளாய் அவனை 'நீங்க' என்றே அழைத்தவள், நேரே மேசைக்குப் போனாள்.

"குப்பையிலயா போட்ட? என் சமையல் சரியில்லன்னு ஊரெல்லாம் சொன்னியே, என்னிக்காவது ஒழுங்கா தின்னியா நீ?"

"மெதுவா பேசு. ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும்! நீ என்னைக் கேலி பண்ணப்ப கேட்டவங்கதானே!"

மறுநாளிலிருந்து கட்டிக் கொடுப்பதை நிறுத்தினாள். தனக்கு மட்டும் போட்டுச் சாப்பிட்டாள். சாயங்காலம் தனியே நடந்தாள். அவன் கடையிலேயே சாப்பிட்டான், வீம்புக்கு.

பிறகொரு நாள் லோகனால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை. பாதி வேலையில் திரும்பி வந்தவன், அடுப்படி வாசலில் நின்று, "குழம்பு இருக்கா?" என்றான்.

"சட்டியில இருக்கு. போட்டுத் தின்னு."

தானே போட்டுத் தின்றான். சாயங்காலம் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டு அவள் பின்னால் நொண்டினான். முச்சந்தியில் அவள் நின்றாள்.

"வலி உன் தப்பில்ல," என்றாள், திரும்பாமலே. "பொய் சொன்னது உன் தப்பு. அது எனக்கு இன்னும் ஆறல."

அவன் நொண்டிக்கொண்டே அவள் பக்கத்தில் வந்து நின்றான். இருவரும் சாலையைக் கடந்தார்கள்.