ரொறன்ரோவிலிருந்து ஓடும் ஏசி

“கையை எடும்!”

சுவரில் இருந்த கமரா இப்படி அலறியதும் நிஷாந்தினி துள்ளிவிட்டாள். ஆனால் ஏசி சுவிட்சில் வைத்த விரலை மட்டும் எடுக்கவில்லை. டக்கென்று அழுத்தினாள். ஏசி பெருமூச்சு விட்டு ஓய்ந்தது.

“ஏன் ஓஃப் பண்ணினனீர்? அந்த சுவிட்சிலை கை வைக்கக்கூடாது எண்டு எத்தினை தரம் சொன்னனான்?”

குரல் ரொறன்ரோவிலிருந்து வந்தது. குரலுக்குச் சொந்தக்காரன் ஜனா. கட்டிலில் மூன்று போர்வைக்குள் சுருண்டு கிடந்தவர் அவனுடைய அப்பா ஸ்ரீஸ்கந்தராசா. வயது எழுபத்தெட்டு, கையில் கனடா பாஸ்போர்ட். வெள்ளவத்தையில் மகன் வாங்கிப் போட்ட நாலாம் மாடி வீட்டில் ஒன்றரை வருட வாசம். அவரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து வந்தவள்தான் நிஷாந்தினி.

அந்த மார்கழியில் கொழும்பு கொழும்பாக இல்லை. எங்கோ கடலில் கடந்து போன புயல், குளிரை இங்கே இறக்கிவிட்டுப் போயிருந்தது. ஐந்து நாளாகச் சூரியனைக் காணோம். காலி வீதி நடைபாதையில் குடை விற்றவர்கள் கம்பளித் தொப்பி விற்றார்கள். பிறந்ததிலிருந்து மின்விசிறியின் கீழேயே படுத்துப் பழகியவர்கள் காதைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொண்டு பாண் வாங்கப் போனார்கள்.

இந்த வீட்டில் மட்டும் ஏசி ஓடியது, அதுவும் பதினெட்டில். அதை ஜனா தன் போனிலிருந்தே இயக்கினான். கொழும்பென்றால் புழுக்கம், புழுக்கமென்றால் ஏசி, ஏசி நின்றால் கடற்காற்றுக்குச் சுவரெல்லாம் பூஞ்சணம். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நிஷாந்தினி ரிமோட்டில் நிறுத்தினால் பத்தே நிமிடத்தில் அங்கிருந்து திரும்பப் போட்டுவிடுவான். மூன்று நாளாக இந்த இழுபறி. இன்று காலை தெர்மோமீற்றர் நூற்றிரண்டு காட்டியபோதுதான் அவள் சுவிட்சுக்கே போனாள்.

“சார், ஐயாவுக்கு உடம்பு கொதிக்குது. நெஞ்சு இழுக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

“மூண்டு போர்வையாலை மூடினா உடம்பு கொதிக்காமல் என்ன செய்யும்? முதலிலை அதை எடும். ஏசியைப் போடும்.”

“இங்க குளிருது சார்.”

ஜனா சிரித்தான். கமராவின் சின்ன ஸ்பீக்கரில் அந்தச் சிரிப்பு தகரம் கிழிவது போலக் கேட்டது.

“குளிரோ? இங்கை மைனஸ் பதினெட்டு. இப்பதான் வாசல்லை பனி அள்ளிப்போட்டு வாறன். கொழும்பிலை இருபது எண்டு போனிலை காட்டுது. இருபதுக்கு இங்கத்தைச் சனம் பெனியனோடை திரியும், தெரியுமோ?”

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. விடிகாலைப் பனியில் விரல் விறைக்கக் கொழுந்து பறித்தவளின் மகள் அவள். அவளுக்கே இவன் குளிர் என்றால் என்னவென்று பாடம் எடுக்கிறான்!

“அங்க குளிரு வாசலோட நின்னுக்கும் சார். உள்ள போனா ஹீட்டர் இருக்கும். இங்க வெளிய என்ன குளிரோ அதேதான் வீட்டுக்குள்ளயும். போதாததுக்கு மேல இருந்து நீங்க வேற ஊதுறீங்க!”

“வாயைக் குறையும். ஆஸ்பத்திரி முழுக்க வைரஸ் காய்ச்சல். எனக்குத் தெரிஞ்ச டொக்டர் ஒருத்தர் நாளைக்கு வீடியோவிலை பார்ப்பார். அதுவரைக்கும் அப்பா வீட்டை விட்டு இறங்கக்கூடாது. இறக்கினீர் எண்டால் ஏஜென்சிக்குச் சொல்லி இண்டைக்கே உம்மை நிப்பாட்டுவன்.”

செய்யக்கூடியவன்தான். ஒரு வீட்டுக்காரன் புகார் சொன்னால் ஏஜென்சிக்காரர்கள் வேறு வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஐயாவின் முகத்தைப் பார்த்தாள். போர்வையை மெல்ல விலக்கி, அந்த முகத்தைக் கமராவின் பக்கம் திருப்பினாள்.

“இந்தா பாருங்க சார். இவ்வளவு வெல குடுத்து வாங்குன கமராவுல உதடு தெரியுதா? நீலம் பாரிச்சிருக்கு.”

கமரா கிர்ரென்று கட்டில் பக்கம் திரும்பியது.

“அது... அறை வெளிச்சத்துக்கு அப்பிடித் தெரியும்.”

அவ்வளவுதான். நிஷாந்தினி கொடியில் கிடந்த ஈரத்துவாயை உருவிக் கமராவின் தலையில் போட்டாள். ஸ்பீக்கர் துவாய்க்குள் கத்தியது. கத்தட்டும்! போனை எடுத்து, கீழே த்ரீவீல் நிறுத்தியிருக்கும் மஷூரை மேலே கூப்பிட்டாள்.

மஷூர் அறைக்குள் கால் வைத்ததும் நின்றுவிட்டார்.

“அல்லாஹ்வே! இந்த ரூம்ல மீனக் கொட்டி வெச்சாலும் ஒரு கெழமைக்குக் கெடாது தங்கச்சி!”

“பகிடிய அப்புறமா விடுங்க நானா. ஐயாவ அந்தப் பக்கமாப் புடிங்க.”

இரண்டு பேருமாக அவரைத் தாங்கி லிஃப்ட் வரை கொண்டுவந்தார்கள். மூச்சு விடவே பாடுபட்ட மனிதர், அவள் தோளை விடாமல் பிடித்திருந்தார். லிஃப்ட் வருவதற்குள் அவள் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. திரை நிறைய ஜனாவின் சிவந்த முகம்.

“உம்மட வேலை முடிஞ்சுது! அப்பாட்டை போனைக் குடும்.”

“தாராளமாப் பேசுங்க” என்று போனை ஐயாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“அப்பா, இவள் சொல்லுறாள் எண்டு போகாதேங்கோ. ரொறன்ரோக் குளிர் உங்களுக்கு ஒத்துவராது எண்டுதானே அங்கை வீடு வாங்கி, ஆள் வைச்சு உங்களை அனுப்பினனாங்கள்? இப்ப அங்கையும் குளிருது எண்டு நிண்டால் நான் என்ன செய்யிறது?”

லிஃப்ட் கதவு திறந்தது. மஷூர் அதைக் காலால் தடுத்துப் பிடித்தார். ஸ்ரீஸ்கந்தராசா இருமினார். இருமல் அடங்கியதும் மகனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“ரொறன்ரோவிலை எனக்கு ஒருநாளும் குளிரேல்லையடா. அது நீ ஆக்களுக்குச் சொன்ன கதை.”