பாதியில் நின்ற முள்

கார் எஞ்சினை எரித்தவள் நான்தான் என்று எங்கள் வீட்டில் ஒரு வாரமாகத் தீர்ப்பாகிக் கிடந்தது.

பதினோரு வருடமாக ஓட்டுநர் பள்ளியில் ஊராருக்குக் கிளட்ச் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பவள் நான். முதல் நாள் பாடமே டேஷ்போர்டுதான். சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டினால் ஓரங்கட்டு, எஞ்சினை அணை. அப்படிப்பட்டவளை என் கணவர், "முள்ளு ஏறுறதக்கூடப் பாக்காம என்னத்த ஓட்டுன?" என்று அவர் அம்மா முன்னால் கேட்டார். மாமியார் விடுவாரா? "இவதான் ஊருக்கே சொல்லித் தர்றாளாம்!" என்று கூடச் சேர்ந்துகொண்டார். போதாததற்கு நாத்தனாருக்கும் என் தம்பிக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று. முள் ஏறவே இல்லை என்று நான் கத்தியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலாம் நாள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை பார்க்காமல்தான் விட்டேனோ என்று. இன்றைக்கும் எனக்கு ஆறாதது அதுதான்.

ஏழாம் நாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு நானே மெக்கானிக்கிடம் போனேன். நீளமான திருப்புளியின் பிடியைக் காதில் வைத்து எஞ்சினைக் கேட்பவர் என்பதால் அவருக்கு டாக்டர் என்று பெயர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர்.

"கூலன்ட் தண்ணி எவ்ளோ குறைஞ்சுதுக்கா?"

"ரெண்டு நாளைக்கு ஒரு லிட்டர்."

"கீழ சொட்டுச்சா?"

"அட்டை விரிச்சுப் பாத்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்ல."

"வெளிய ஒழுகலன்னா உள்ள குடிக்குது."

ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டிக் காற்றடித்தார். அழுத்தம் மெல்ல இறங்கியது. குழாய்களில் கசிவே இல்லை. பிறகு நாலு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தார். மூன்று பழுப்பாக இருந்தன. ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல் வெள்ளையாக இருந்தது.

"சிலிண்டர் மூடிக்கு அடியில இருக்கற ஹெட் கேஸ்கட் போச்சு. கூலன்ட் இந்த சிலிண்டருக்குள்ள இறங்கி ஆவியா போயிருக்கு. ஃபேன் மோட்டார் வேற செத்துக் கிடக்கு. அதனாலதான் இவ்ளோ சூடாயிருக்கு."

"அப்போ முள்ளு ஏறியிருக்கணுமே தம்பி?" என்றேன்.

அவர் என்னை மற்றவர்களைப் போலப் பார்க்கவில்லை. "பாத்துடலாம்" என்று சாவியைத் திருப்பி வைத்துவிட்டு, எஞ்சினிலிருந்து சூட்டு சென்சாரின் ஒயரைப் பிடுங்கினார். "இப்ப முள்ளு அடியில விழணும். பாருங்க."

பார்த்தேன். ஒயர் அவர் கையில் இருந்தது. முள்ளோ பாதியிலேயே, வெட்கம் மானம் இல்லாமல், நின்றுகொண்டிருந்தது.

டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, டேப்பைப் பிரித்தார். பச்சை உறைக்குள் அரிசி அளவில் ஒரு ரெசிஸ்டர்.

"சூடு எவ்ளோ ஏறினாலும் பாதியிலயே காட்டும். வண்டிய விக்கிறதுக்கு முன்னாடி செய்ற திருட்டு வேலைக்கா. ஆனா சால்டரிங் சுத்தமா இருக்கு."

சுத்தமாகத்தான் இருக்கும். என் கணவருக்கு டிவி ரிப்பேர் தொழில். இதே பச்சை உறை எங்கள் வீட்டு அயர்ன் பாக்ஸிலும் மிக்ஸியிலும் இருக்கிறது.

இரண்டு மாதம் முன்பு இந்த வண்டியை என் தம்பி வாங்குவதாக இருந்தது. அதுவரை ஓட்டியவர் என் கணவர்தான். தம்பி பார்க்க வருவதற்கு முந்தின ஞாயிறு முழுக்க வண்டிக்குள்ளேயே கிடந்தார். "மச்சானுக்குக் குடுக்கறோம், சரி பண்ணித்தானே குடுக்கணும்" என்றார். உருகிப்போய் இரண்டு தடவை டீ கொண்டுபோய்க் கொடுத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். தம்பிக்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை. "இனிமே நீயே ஓட்டு" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். இப்போது எனக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது.

உடனே அவரைப் போனில் பட்டறைக்கு வரச் சொன்னேன். வந்தவர் ரெசிஸ்டரைப் பார்த்ததுமே ஆரம்பித்தார்.

"நான் வேணும்னு செய்யல..."

"வேணும்னு செய்யாம அது தானா வந்து ஒட்டிக்கிச்சா?"

"முள்ளு கொஞ்சம் மேல நின்னுச்சு. உன் தம்பி பயந்துடுவான்னு..."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மறந்துட்டேன்."

"ஒரு வாரமா திட்டும்போதும் ஞாபகம் வரலையா?"

அவர் டாக்டரை ஓரக்கண்ணால் பார்த்தார். "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னதுக்கு வீட்டுக்குள்ளயா பதில் சொல்வீங்க?"

தம்பிக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டேன். நான் வாய் திறப்பதற்குள் அவன் தொடங்கிவிட்டான். "அக்கா, மாமா பக்கத்துல இருக்காரா? மாமா, அக்காவ ரொம்பத் திட்டாதீங்க. ஏதோ தெரியாம பண்ணிட்டா. அவளுக்காக நான் மன்னிப்பு கேக்கறேன்."

என் கணவர் போனை அணைக்கக் கை நீட்டினார். நான் நகர்த்திக்கொண்டேன்.

"நீ எதுக்குடா மன்னிப்பு கேக்கற? முள்ளு ஏறாம கட்டி வச்சது உங்க மாமா. எனக்காக இல்ல. உனக்கு விக்கிறதுக்கு."

தம்பி மெதுவாகக் கேட்டான். "அதுல எம் புள்ளைங்கதானக்கா போயிருக்கும்?"

போனை என் கணவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"கேக்கறான்ல. சொல்லுங்க."