பின்னாலை என்ன வருது

"பின்னாலை என்ன வருது?"

"பஸ்."

"தூரமோ, கிட்டவோ?"

"கிட்ட. விடும், அவன் போகட்டும். அவனுக்கென்ன, எப்பவும் அவசரந்தான்."

ஜெயரூபி மோட்டார் சைக்கிளை வீதியோரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இறக்கினாள். பேருந்து இரைந்துகொண்டு கடந்தது. அது தள்ளிய காற்றில் இரண்டு பேரும் ஒருதரம் ஆடி, பிறகு நிமிர்ந்தார்கள்.

"இப்ப?"

"இப்ப ஒண்டுமில்லை. ஒரு கார் வருது. சரியான தூரம்."

"நித்திரை கொள்ளாதேங்கோ."

"நான் எங்கை நித்திரை கொண்டனான்?"

"போன கிழமை கொக்காவிலிலை குறட்டை விட்டது ஆர்? காட்டுப் பண்டியே?"

பின்னால் இருந்த அவள் கணவர் யோகநாதன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கிளிநொச்சி ஆசுபத்திரியில் நாலு மணித்தியாலம் மெசினோடு படுத்துக் கிடந்துவிட்டு வருகிற மனிதர். உடம்பிலுள்ள இரத்தம் முழுவதையும் வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விட்ட களைப்பு. செவ்வாயும் வியாழனும் இதேதான். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாது என்று சொல்லி இரண்டு வருடமாகிறது. பேருந்தில் போய்வரலாம் என்று முதலில் நினைத்தார்கள். ஒருநாள் நெரிசலில் நின்றுகொண்டு வந்தவர் மிதிபலகையிலேயே மயங்கிச் சரிந்தார். அதற்குப் பிறகுதான் வயல் வேலைக்கென்று அவர் வைத்திருந்த மோட்டார் சைக்கிளை ஐம்பத்திரண்டு வயதில் ஜெயரூபி ஓட்டப் பழகினாள்.

விழுவதற்குப் பயமில்லை. விழுந்தால் எழும்பலாம். பயமெல்லாம் அவருடைய இடக்கைக்குத்தான். ஊசி குத்துவதற்காக அந்தக் கையில் நாடியையும் நாளத்தையும் ஒன்றாகத் தைத்து விட்டிருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் தோலுக்குள் ஒரு வண்டு இரைகிற மாதிரி இருக்கும். அந்த இரைச்சல் இருக்கும்வரை ஆளுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். "அம்மா, இந்தக் கை வெட்டுப்பட்டால் இரத்தம் பைப் திறந்த மாதிரிப் போகும். இஞ்சை கொண்டுவரவும் நேரமிராது," என்று தாதி ஒருத்தி முதல் நாளே சொல்லி வைத்தாள். அன்றிலிருந்து அந்தக் கை அவர்கள் வீட்டில் தனியாக ஓர் ஆள். அதற்கு இடித்துவிடும் என்று கதவை மெல்லச் சாத்துவாள். அது நசிந்துவிடும் என்று இரவில் எழும்பி அவரைப் புரட்டிவிடுவாள்.

வரும்போது அவர் தூங்கிச் சரிந்துவிடாமல், ஒரு துவாயால் அவர் இடுப்பையும் தன் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொள்வாள். கண்ணாடிகள் இரண்டும் அதிர்ந்து அதிர்ந்து ஒன்றையும் ஒழுங்காகக் காட்டாது. ஆகவே பின்னால் வருவதைச் சொல்வது அவருடைய வேலை. சொல்லச் சொல்ல நித்திரையும் வராது.

"உந்தக் கார் கிட்ட வந்திட்டுதோ?"

"ஓம். வெள்ளைக் கார். ஓடுறவன் பெடியன். ஒரு கை காதிலை."

"ஃபோனோ?"

"பின்னை? காதுகுத்தே?"

"சிக்னல்?"

"சிக்னல் போட இன்னொரு கை வேணுமெல்லே."

கார் அவளைக் கடந்து முன்னால் போனது. ஜெயரூபி வேகத்தைக் குறைத்து அதற்கு இடம் விட்டாள். அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. காரின் பின்விளக்கை நம்பக்கூடாது. முன்சில்லைப் பார்க்க வேண்டும். விளக்கு பொய் சொல்லும், சில்லு பொய் சொல்லாது. ஓரத்தில் நிற்கிற காருக்குள் தலை தெரிந்தால் கதவு திறக்கும் என்று எடுக்க வேண்டும். எந்தக் காருக்கும் பக்கத்தில் சேர்ந்து ஓடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, முன்னால் போகிறதுக்கும் தனக்கும் நடுவில் ஒரு வீடு கட்டுகிற அளவு இடம் விட வேண்டும்.

இதிலுள்ள ஒரே கரைச்சல், அப்படி இடம் விட்டால் அதற்குள் இன்னொரு கார் வந்து புகுந்துவிடும். திரும்பவும் பின்வாங்கி, திரும்பவும் இடம் விட வேண்டும். கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் வரைக்கும் இதே வேலை. இடுப்பும் நாரியும் விட்டுப்போகும்.

இரணைமடுச் சந்தி கடந்தது. வெயில் தாரில் பட்டுக் கண்ணுக்குள் அடித்தது.

"முறிகண்டிப் பிள்ளையாரடியிலை நிப்பாட்டுவமே?" என்று கேட்டார் யோகநாதன்.

"ஏன்?"

"எல்லாரும் நிப்பாட்டுகினம்."

"அதுக்குத்தான் நான் நிப்பாட்டுறேல்லை. ஒருத்தன் இறங்க, ஒருத்தன் ஏற, ஒருத்தன் கச்சான் கடலை வாங்க றோட்டுக்குக் குறுக்காலை ஓட... அதுக்குள்ளை உங்கடை கையையும் கொண்டு நான் என்னெண்டு போறது?"

"நான் ஓடின காலத்திலை ஒருநாளும் பிள்ளையாருக்குச் சொல்லாமல் போனதில்லை."

"கையை விட்டிட்டெல்லே கும்பிட்டனீங்கள். பின்னாலை இருந்த எனக்குத்தானே தெரியும்."

"ஒண்டும் நடக்கேல்லையே."

"பிள்ளையாருக்கு என்னைத் தெரியும். நிப்பாட்டாட்டிலும் கோவிக்கமாட்டார். இந்தக் கார்க்காரருக்குத்தான் என்னைத் தெரியாது."

அவர் பதில் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டார் போலும் என்று அவள் விட்டுவிட்டாள். கோயிலடி நெருங்கியது. ஓரமெல்லாம் வான்களும் கார்களும். கற்பூர வாசம். அவள் வேகத்தை இன்னும் குறைத்து, தலைகளைப் பார்த்து, கதவுகளைப் பார்த்து, ஒருபடியாகத் தாண்டினாள். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு சாம்பல் நிறக் கார் அவளை வெட்டிக்கொண்டு வந்து, அவள் விட்டுவைத்த இடத்துக்குள் நுழைந்தது.

"உது எங்காலை வந்தது? ஏன் சொல்லேல்லை?"

பதில் இல்லை.

"இஞ்சாருங்கோ! பின்னாலை என்ன வருது?"

முதுகில் அவருடைய தலை பாரமாக இருந்தது. நித்திரை.

அவள் காரின் முன்சில்லைப் பார்த்தாள். அது நேராகத்தான் இருந்தது. கோயில் தாண்டி ஒரு முந்நூறு அடி போயிருக்கும். சில்லு திடீரென்று இடப்பக்கம் மடங்கியது. பிறேக் விளக்கு பிறகுதான் எரிந்தது. கார் அவளுடைய பாதைக்குக் குறுக்கே கிறவல் மண் ஓரத்துக்கு இழுத்தது.

வலப்பக்கம் வெட்டலாம். ஆனால் வலப்பக்கத்தில் பின்னாலே என்ன வருகிறது என்று தெரியாது. சொல்ல வேண்டியவர் தூங்குகிறார். அவள் இடப்பக்கம் கிறவலுக்குள் இறங்கினாள். காருக்கும் மதகுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற அளவு இடம். பிறேக்கை அமத்தாமல் தொட்டுத் தொட்டு, இரண்டு காலையும் நிலத்தில் இழுத்து, மதகுக் கட்டில் முன்சில்லு முட்ட நின்றாள். நின்ற பிறகுதான் சரிந்தது. துவாயால் கட்டியிருந்தபடியால் இருவரும் ஒன்றாகச் சரிந்தார்கள். அவள் வலப்பக்கமாகத் தன்னைக் கீழே கொடுத்து விழுந்தாள். அவர் அவளுக்கு மேலே.

"வீடு வந்திட்டுதோ?" என்றார் யோகநாதன்.

"கை! கையைக் காட்டுங்கோ!"

"எந்தக் கை?"

"எந்தக் கையோ? இருக்கிறது ஒரு கைதானே எங்களுக்கு!"

படுத்தபடியே அவருடைய இடக்கையைப் பிடித்து மேலே தூக்கினாள். ஒட்டியிருந்த பஞ்சு அப்படியே இருந்தது. இரத்தம் இல்லை. விரலை வைத்தாள். தன் நாடி அடிக்கிற அடியில் ஒன்றும் விளங்கவில்லை. காதை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டது.

"இரையுதோ?"

"இரையுது."

"அப்ப ஏன் அழுறீர்?"

"நான் அழேல்லை. தூசி."

காரிலிருந்து ஓடிவந்தான் ஒரு பெடியன். கிருபன் என்று பிறகு பெயர் சொன்னான். அவனுக்குப் பின்னால் அவனுடைய தாய் ஜெகதீஸ்வரி, செருப்பும் போடாமல் வந்தாள்.

"அக்கா, ஏன் இப்பிடிக் கிட்ட வந்தனீங்கள்?"

"நானோ கிட்ட வந்தனான்? நான் இடம் விட்டெல்லே வந்தனான். அதுக்குள்ளை பூந்தது ஆர்?"

"இடம் இருந்ததுதானே அக்கா."

"அது நான் எனக்கு விட்ட இடம் தம்பி. உங்களுக்கு விட்டதில்லை."

"அவனைப் பேசாதேங்கோ பிள்ளை," என்றாள் ஜெகதீஸ்வரி. "நான்தான் கத்தினனான். நாளைக்குக் கொழும்பிலை இவனுக்கு விசா இன்டர்வியூ. கதைச்ச கதையிலை பிள்ளையாரைத் தாண்டி வந்திட்டம். நிப்பாட்டடா, நிப்பாட்டடா எண்டு தோளிலை அடிச்சுப்போட்டன்."

"கும்பிடுங்கோ அம்மா. ஆர் வேண்டாமெண்டது? அங்காலை போய் ஆறுதலாத் திருப்பிக்கொண்டு வந்து கும்பிட்டாப் பிள்ளையார் கதவைப் பூட்டிவிடுவாரே?"

"ஐயாவுக்கு என்ன செய்யுது? முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு."

"இது இப்ப வந்த வெளிறலில்லை," என்றார் யோகநாதன். "ரெண்டு வருசமா இப்பிடித்தான்."

ஜெகதீஸ்வரி விசயத்தைக் கேட்டு அறிந்ததும் தலையில் கை வைத்தாள். ஐயாவைக் காரில் மாங்குளம் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறோம் என்று பிடிவாதமாக நின்றாள். ஜெயரூபிக்கு வாய் வரைக்கும் வந்தது: உங்களோடையோ? ஆனால் அவளுடைய முழங்கை உரிந்திருந்தது. இவரை இன்னொரு பதினைஞ்சு மைல் கட்டிக்கொண்டு போக இன்றைக்குத் தன்னால் ஏலாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"மாங்குளம் சந்தியிலை இறக்கிவிடுங்கோ. தம்பி, ஃபோன் கதைக்காமல் ஓடும். அந்தக் கை கதவிலை படக்கூடாது."

"நான் பாத்துக்கொள்ளுறன் அக்கா. நீங்கள் பின்னாலை வாங்கோ."

கார் புறப்பட்டது. சிக்னல் போடாமல்தான் புறப்பட்டது.

முதுகில் பாரமில்லாமல் ஓடுவது லேசாக இருக்கும் என்று நினைத்தாள். இருக்கவில்லை. இத்தனை நாளும் கார்களுக்குப் பயந்து ஓடினாள். எதற்காகப் பயந்தாளோ அந்தக் கை இன்றைக்குக் காருக்குள்ளேயே போகிறது. கொக்காவில் காட்டுக்குள் அந்தச் சாம்பல் கார் ஒரு லொறியை வளைவில் முந்துவதைத் தூரத்திலிருந்து கண்டாள். "கடவுளே, கடவுளே" என்று சத்தமாகவே சொன்னாள். கேட்பதற்குப் பின்னால் ஆளில்லை. பிறகு கார் கண்ணிலிருந்தே மறைந்தது.

பனிக்கன்குளம் தாண்டும்வரை ஓரத்துப் பள்ளங்களையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாங்குளம் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில், பிளாஸ்டிக் கதிரையில் யோகநாதன் இருந்தார். இடக்கையை மடியில் குழந்தை மாதிரி வைத்திருந்தார். அவள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு முதலில் கையைத் தொட்டாள். இரைந்தது. பிறகுதான் தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

"என்னெண்டு ஓடினவன்?"

"அதை விடும். ஏசி போட்டவன். பஞ்சு மாதிரி சீற். தாய் தோடம்பழம் உரிச்சுத் தந்தவா. எனக்குச் சாப்பிடக்கூடாது எண்டன். அதுக்கும் அழுதவா."

"நித்திரை கொண்டிருப்பியளே."

"ஒரு சொட்டும் கொள்ளேல்லை. முழுக்க உம்மைத்தான் பாத்துக்கொண்டு வந்தனான்."

"என்னையோ?"

"பின்கண்ணாடியாலை. முதல் கொஞ்சம் தெரிஞ்சீர். பிறகு ஒரு புள்ளி. பிறகு அதுவுமில்லை. உள்ளுக்கை இருந்து பாத்தா ஒருத்தரையும் தெரியேல்லையப்பா. சைக்கிள்காரர், மாடு, எல்லாம் ஒருக்கா வந்திட்டு இல்லாமல் போகுது. பெடியனைக் கேட்டன், தம்பி, பின்னாலை என்ரை மனுசி வாறா, தெரியுதோ எண்டு. ஓம் ஐயா, தெரியுது, வடிவா வாறா எண்டவன்."

"அப்பிடியோ?"

"கண்ணாடியைப் பாக்காமலே சொன்னவன்."

ஜெயரூபி பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு இன்னும் மூன்று மைல், ஒட்டுசுட்டான் வீதியால். மாடு கட்ட வேண்டும். உலையேற்ற வேண்டும். இன்றைக்குச் செவ்வாய்; நாளைக்கு ஒருநாள்தான் நடுவில்.

"வெளிக்கிடுவமே?" என்று கேட்டார் அவர்.

"கொஞ்சம் பொறுங்கோ."

"ஏன்?"

அவள் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். விரல்கள் தம்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன. இரண்டு வருடத்தில் அவர் அதை இன்றைக்குத்தான் பார்க்கிறார். வலக்கையை நீட்டி, அவளுடைய இரண்டு கையையும் சேர்த்துப் பொத்திப் பிடித்தார். சந்தியில் வாகனங்கள் ஒன்றையொன்று ஏசிக்கொண்டு போயின.

"நிண்டிட்டுதோ?"

"இல்லை."

"சரி. இருப்பம்."