பேட்டரியில் ஓடிய வேகம்

உத்திரமேரூர் பஜாரில் காஜா மொய்தீன் பாய் பெயின்ட் கடை. மாடியில் அவர் மகள் வகிதாவும் அவளோடு காலேஜில் படித்த சசிரேகாவும் உட்கார்ந்து வேலை செய்வார்கள். பல நாட்டு ஆட்கள் சேர்ந்து இலவசமாக வளர்க்கிற ஒரு கணினி மொழி. அதை வேகமாக்குவது சசிரேகா. வேகம் நிஜமாகவே கூடியதா என்று அளந்து கிராஃப் போடுவது வகிதா.

அந்த மொழி எழுதச் சுலபம், ஓடச் சோம்பேறி. வந்தது எண்ணா எழுத்தா என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்த்துக்கொண்டிருக்கும். போன தடவை பார்த்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி சசிரேகா மாற்றியிருந்தாள். அவளே அளந்து பார்த்ததில் இருபது சதவீதம் வேகம் கூடியிருந்தது. அந்த மாற்றத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சாயங்காலம் மொழியின் பொறுப்பாளர்கள் முடிவு செய்வார்கள். அவள் முன்பு அனுப்பியதை அவர்களில் ஒருத்தன், காலேஜ் பிராஜெக்ட் மாதிரி இருக்கிறது என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தான். இன்றைக்கு அவன் வாயை அடைக்க வேண்டும்.

"அனுப்பிடட்டா?"

"இரு. நீ மாத்தறதுக்கு முன்ன இருந்த பழச எப்ப அளந்த?" என்றாள் வகிதா.

"காலைல."

"காலைல கரண்டு ஏதுடி? உன் லேப்டாப்பு பேட்டரில ஓடிக்கினு இருந்திச்சி. பேட்டரில அது மெதுவாத்தான் ஓடும். புதுச கரண்டு வந்தப்புறம் அளந்து, ரெண்டையும் பக்கத்துல வச்சி இருபதுன்ற."

சசிரேகாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இருபதுன்னே போட்டா எவனுக்குத் தெரியும்?"

"போடு. அவன் மெஷின்ல ஓட்டிப் பார்ப்பான். அப்பால நீ நெஜமா இருபது கொண்டாந்தாலும் நம்பமாட்டான்."

வகிதா சார்ஜரை மாட்டினாள். பழசு, புதுசு, பழசு, புதுசு என்று மாற்றி மாற்றி ஓட்டினாள். நடுவில் பிரவுசரைக்கூடத் திறக்க விடவில்லை. இருபது, நாலாகச் சுருங்கியது.

"அவ்ளோதானா?"

"இந்த நாலு எத்தினி வாட்டி ஓட்டினாலும் ஆடல, பாரு. எவனும் அசைக்க முடியாது."

காலேஜில் சசிரேகாவின் புரோகிராமை ஒருத்தரும் முழுசாகப் படித்ததில்லை. கிராமத்துப் பெண்ணுக்கு இதுவே பெரிது என்று தட்டிக்கொடுப்பார்கள், இல்லை ஒதுக்குவார்கள். வகிதா ஒருத்திதான் தப்பு இருக்கிறதா என்று தேடுமளவுக்கு மதித்தாள். கோபம் இறங்க மனசில்லாமல் இறங்கியது.

நாலு என்றே எழுதினாள். முதலில் பேட்டரியில் அளந்து ஏமாந்ததையும் சேர்த்து எழுதினாள்.

சாயங்காலம் பதில் வந்தது. முன்பு திருப்பி அனுப்பிய அந்த ஆளே தன் மெஷினில் ஓட்டியிருந்தான். அவனுக்கும் நாலு. சேர்த்துக்கொண்டோம், அளந்த முறையை விளக்க முடியுமா, மற்றவர்களும் அப்படியே செய்யட்டும் என்று கேட்டிருந்தான்.

சசிரேகா லேப்டாப்பை வகிதா பக்கம் தள்ளினாள். "உன்னத்தான் கேக்கறான். எழுது."

"நீயே எழுதேன், உனுக்குத்தான் இங்கிலீஷ் வரும்."

"வரும். ஆனா அளந்தது நீ. உக்காருடி."