இரண்டாம் படுக்கைக்காரரின் மனைவி கேட்டது

1

இந்தக் கதையை நானாகக் கற்பனை செய்யவில்லை, எதிர்வீட்டில் இருப்பவள் சொல்லக் கேட்டேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க. ஆனா என்னைப் பெரிய மனுஷி ஆக்கிடாதீங்க" என்றாள்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'அவள் தம்பியின் உடலுக்குள் ஒரு பெரும் போர்...'

அடித்துவிட்டேன். போர் என்றால் எதிரி யாரென்றாவது தெரிய வேண்டும். இங்கே அதுதான் தெரியவில்லை.

2

அவளுடைய தம்பி பிளம்பர். குடலில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் ஆகி, அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே பத்து நாளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில், முதலாம் படுக்கையில் கிடந்தான். சாப்பாடெல்லாம் கழுத்து நரம்பில் போட்ட குழாய் வழியாகத்தான். பதினோராம் நாள் காலை காய்ச்சல் கொதித்தது, ரத்த அழுத்தம் சரிந்தது. அதே காலை, சிறுநீரகத்தில் தொற்று வந்த ஒரு பஸ் டிரைவரை இரண்டாம் படுக்கையில் கொண்டுவந்து போட்டார்கள். அவருக்கும் அதே நடுக்கம், அதே சரிவு.

"ரெண்டு பேருக்கும் செப்சிஸ், தொற்றுல உடம்பே நிலைகுலையுறது" என்றார் டாக்டர். "ரத்தத்துல என்ன கிருமின்னு லேப்ல வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் டெஸ்ட் சொல்லட்டும். அதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துதான்."

வெளியே பெஞ்சில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். தையல்காரர். பிளாஸ்கில் இருந்த வெந்நீரில் பாதியை இவளுக்கு ஊற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான் பழக்கம்.

3

டிரைவரின் ரத்தம் மறுநாளே பேசிவிட்டது. பாக்டீரியா. அதற்கென்றே இருக்கும் மருந்துக்கு மாற்றினார்கள்.

தம்பியின் ரத்தம் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவன் ரத்தம் விட்டு வைத்த கல்ச்சர் பாட்டிலில் ஏதோ வளர்ந்திருந்தது. அவளே ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். பாக்டீரியாவை விடப் பெரிதாக, முட்டை வடிவத்தில், பக்கவாட்டில் மொட்டு விட்டபடி இருந்தது. பூஞ்சை. இத்தனை நாள் தம்பிக்கு ஏறிய பாக்டீரியா மருந்து அதைத் தொட்டிருக்கவே முடியாது.

['அவள் கண்கள் குளமாயின' என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "எங்க அழுதேன்?" என்றாள். "சொந்தத் தம்பி ஸ்லைடு. என் கண்ணை நானே நம்பக் கூடாதுன்னு பக்கத்து டேபிள்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் பூஞ்சைன்னார். அப்புறம்தான் போன் பண்ணேன்." எடுத்துவிட்டேன்.]

பூஞ்சை அதில் ஒட்டியிருக்கலாம் என்று ஒரு மணி நேரத்துக்குள் கழுத்துக் குழாயை உருவிவிட்டுப் பூஞ்சைக்கான மருந்தை ஏற்றினார்கள்.

4

இங்கே டாக்டர் நீளமாகப் பேசுகிறார். நிஜத்தில் இரண்டு போன் அழைப்புகளுக்கு நடுவே துண்டு துண்டாகச் சொன்னாராம். ஒட்டவைத்தது நான்.

"டிரைவருக்குக் கிருமி போயிடுச்சு. ஆனா அதை எதிர்க்கக் கிளம்பின உடம்பு இன்னும் அடங்கல. அந்தப் பதற்றத்துல ரத்தக் குழாயெல்லாம் கசியுது, கிட்னி நின்னுபோச்சு. உங்க தம்பிக்கு நேர்மாறு. பத்து நாளா அல்லாடி எதிர்ப்புச் சக்தி அசந்துபோச்சு. அந்த நேரம் பார்த்துப் பூஞ்சை உள்ள வந்துடுச்சு."

"பதற்றத்துக்கு மருந்து இல்லையா சார்?"

"கிருமிக்கு இருக்கு. உடம்பைத் தேவையான அளவுக்கு மட்டும் அடக்குற மருந்து இன்னும் சரியா கைக்கு வரல."

(பாக்டீரியா என்றால் பதறும், பூஞ்சை என்றால் அசந்துபோகும் என்று இதை வாய்ப்பாடாக மனப்பாடம் செய்துவிடாதீர்கள். ஒரே கிருமிக்கு இரண்டு உடம்புகள் இரண்டு விதமாக நடக்கும். ஒரே உடம்பு இரண்டையும் செய்யும்.)

5

காய்ச்சல் வந்த ஆறாம் நாள் காலை தம்பிக்கு அது இறங்கியது. கண் விழித்தவன் கம்மிய குரலில், "அக்கா, இந்த வார்டுல ஏதோ குழாய் ஒழுகுது. சத்தம் கேக்குது" என்றான். அவள் சிரித்துவிட்டாள்.

அன்று மதியம் டிரைவர் இறந்துபோனார். கடைசியாக எடுத்த ரத்தத்தில் ஒரு கிருமிகூட இல்லை.

ஒரு பிரதியில் இரண்டு பேரையும் பிழைக்கவைத்தேன். பேனா என் கையில்தானே இருக்கிறது. அதைப் படித்தவள் தாளைத் திருப்பித் தந்தாள். "அப்போ அந்தக்கா யாருக்கு அழுதாங்க?"

6

டிரைவரின் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, தையல்காரர் மடிப்பு. நிமிராமலே கேட்டார்.

"ஒரே நாள்ல காய்ச்சல். ஒரே டாக்டர். இவருக்கு என்ன கிருமின்னு மொதல்லயே கண்டுபிடிச்சீங்க, மருந்தும் மொதல்லயே போட்டாங்க. உங்க தம்பிக்கு ரெண்டு நாள் தாமதம். அப்புறம் எப்படிம்மா?"

நான் எழுதிப் பார்த்த பதில்கள்:

டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறாள். (உண்மை. ஆனால் அந்த பெஞ்சில் சொல்லக்கூடியதா?)

'தெரியலக்கா' என்கிறாள். (பொய். அவளுக்குத் தெரியும்.)

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள்... (இங்கேயே நிறுத்திவிட்டேன்.)

"நிஜமா என்னதான் சொன்னே?" என்று அவளிடமே கேட்டேன்.

"சொன்னேன். அது அந்தக்காவுக்குச் சொன்னது. உங்க கதைக்கு இல்ல."

ஆகவே அந்தப் பதில் என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் தந்திருக்க மாட்டேன். பெஞ்சில் இடம் இருக்கிறது, உட்காருங்கள். மடித்த போர்வையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் இப்போது நிமிர்ந்து பதிலுக்கு உங்களைத்தான் பார்க்கிறார்.