முதுகுத் தண்டு நீர்

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: நைனா சுந்தரமூர்த்தி, அம்மா ஜெயக்கொடி, அக்கா பூங்குழலி, நான்.

நைனாவின் முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீரின் சோதனை முடிவு புதுச்சேரியிலிருந்து அக்காவின் போனுக்கு வந்திருந்தது. அமிலாய்டு புரதம் குறைந்திருந்தது, டௌ புரதம் கூடியிருந்தது. அல்சைமர்தான், இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நைனா செஞ்சியில் ஓட்டுவது பள்ளிக்கூட வேன்.

“தண்ணிய உறிஞ்சி எடுத்தானுங்களே, அதுல வந்த மறதிடி இது. அதுக்கு முன்னாடி நான் நல்லாத்தான் இருந்தேன்,” என்றார் நைனா.

“ஊசி போடறதுக்கு முன்னாடியே மேல்சித்தாமூர் புள்ளைங்கள தொண்டூர்ல எறக்கி வுட்டது யாராம்? நானா?” என்றாள் அம்மா.

நைனா வேன் சாவியை எடுத்துக்கொண்டார். “புள்ளைங்க காத்துக்கினு இருக்கும்.”

நான் ஓடிப்போய் வாசலை மறித்தேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

அவர் வாசல் பக்கமே வரவில்லை. மல்லாட்டைக் கடலை மூட்டைகள் அடுக்கிய இருட்டறையின் கதவைத் திறந்தார். “வரேன்டி,” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, தினமும் வேனுக்குப் போகிற மாதிரியே உள்ளே போனார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.