ராகு காலம் முடிந்ததும்

தங்கசாமிக்கு நாமக்கல்லில் கோழித்தீவன ஆலை. பண்ணைக்காரர்கள் இனிச் செயலியிலேயே தீவனம் கேட்கட்டும் என்று அவரைச் சம்மதிக்க வைக்க ஆலையின் கணினி வேலை பார்க்கும் மலர்விழிக்கு ஒரு வருடம் ஆயிற்று. ஆலையின் பின்னறைக் கணினி அடிக்கடி படுத்துவிடும். அதற்குக் காவல் கிடந்தே அவள் கண் குழி விழுந்திருந்தது. இப்போது எல்லாம் கிளவுடில், எங்கோ தூரத்து வாடகைக் கணினிகளில். கூட்டம் கூடினால் அங்கே கூடுதல் கணினிகள் தாமாக எழுந்து வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். எழக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

"இன்னிக்கு ஒழுங்கா ஓடலீன்னா பழைய மிஷினுக்கே போயிருவேன், அம்மிணி" என்று தங்கசாமி செயலியின் முதல் நாள் காலையிலேயே சொல்லிவிட்டார்.

பண்ணைக்காரர்கள் விடிந்ததிலிருந்து ஒவ்வொருவராக வருவார்கள் என்று நம்பித்தான் அவள் எல்லாம் அமைத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ராகு காலம் முடிந்ததுதான் தாமதம், அத்தனை பண்ணையும் ஒரே மூச்சில் விரலை வைத்தது. செயலி சுருண்டு விழுந்தது.

திரையில் சக்கரம் சுற்றினால் சும்மா இருப்பார்களா? மறுபடியும் மறுபடியும் அழுத்தினார்கள். புதிதாய் எழுந்த கணினியும் எழுந்த வேகத்தில் நசுங்கியது.

முதல் ஆர்டரை ராகு காலம் கழிந்த பிறகே போடவேண்டும் என்று தாமே எல்லாருக்கும் சொல்லி அனுப்பியதாகத் தங்கசாமி மெல்ல ஒப்புக்கொண்டார். நல்லதுக்குத்தானே சொன்னேன் என்றார்.

அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"கொஞ்ச நேரம் கையை எடுக்கச் சொல்லுங்க. அதுக்குள்ள அங்க மிஷினுக எந்திரிச்சுக்கும்."

"நம்முளுது படுத்துக்கிச்சுன்னு என்ற வாயால எப்படிச் சொல்றது?"

"அப்படிச் சொல்லாதீங்க. நல்ல நேரம் இன்னும் வரலீன்னு சொல்லுங்க."

அவர் கைபேசியை எடுத்தார். பிறகு பண்ணைக்காரர் குழுவில் குரல் பதிவு போட்டார்: "ஏனுங்க, சோசியகாரரு நேரத்தைத் தள்ளி வெச்சுட்டாருங்க. சோறு தின்னுபோட்டு அழுத்துங்க."

விரல்கள் அடங்கின. கணினிகள் ஒவ்வொன்றாய் எழுந்து நின்றன. சாப்பாடு மட்டும் ஊருக்கெல்லாம் ஒரே நேரத்திலா முடியும்? ஒருவர் கை கழுவும்போது இன்னொருவர் ரசத்துக்கு வந்திருப்பார். ஆர்டர்கள் முன்னும் பின்னுமாக, தள்ளுமுள்ளு இல்லாமல் வந்து சேர்ந்தன.

சாயங்காலம் கடைசி லோடு கிளம்பியதும் தங்கசாமி வந்தார். "பழைய மிஷினை நாளைக்கே கழட்டிப்போடலாம். காலையில நேரமே வந்துரு."

ஒரு வருடமாகக் காத்திருந்த சொல். கேட்டதும் அவளுக்குக் கொட்டாவிதான் வந்தது.

"நாளைக்கு அஷ்டமிங்க" என்றாள்.

"அட, ஆமா. திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

சனியும் ஞாயிறும் யாரும் எழுப்பவேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட வேண்டும் என நினைத்துக்கொண்டே அவள் வண்டிச் சாவியைத் தேடினாள்.